எண்ணூறு இடங்களுக்கான ஆட்டம்

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் நம்மில் பலருக்கு டிசம்பர் 26 விடியற்காலையில் தொடங்கும் டெஸ்ட் ஆட்டத்தின் வழியாகத்தான் தெரியும். ஆனால் அந்த மைதானத்தின் ஆண்டு நாட்காட்டியைப் புரட்டினால் கிரிக்கெட்டுக்குக் கோடையில் சில நாட்களே கிடைக்கின்றன. மார்ச் முதல் செப்டம்பர் வரை அங்கே நடப்பது ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. பிரிஸ்பேனின் கப்பா, அடிலெய்ட் ஓவல் ஆகியவற்றிலும் இதே கதைதான்.

இந்த ஆட்டம் பிறந்ததே கிரிக்கெட் வீரர்களுக்காக. விக்டோரியா அணியின் கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸ் 1858 ஜூலை 10 அன்று ஒரு பத்திரிகையில் வெளியான கடிதத்தில், குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கலாம் என்று யோசனை சொன்னார். அடுத்த ஆண்டு மே மாதம் விதிகள் எழுதப்பட்டன. கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடியதால் ஆடுகளம் நீள்வட்டமாகவே நிலைத்துவிட்டது. இன்றும் அதற்கு ஒரே அளவு கிடையாது. நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை, அகலம் 110 முதல் 155 மீட்டர் வரை இருக்கலாம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். ஆஃப்சைடு இல்லை. 20 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஆட்டம் நிற்கும்போது கடிகாரமும் நிற்பதால் ஒவ்வொன்றும் அரைமணி நேரத்தை நெருங்கும். நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் ஓடுவார். அந்த ஓட்டத்துக்கு நடுவே 90, 100 கிலோ எடையுள்ளவர்கள் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வந்து மோதுவார்கள்.

நெடுந்தொலைவு ஓட்டக்காரரின் நுரையீரல், உயரம் தாண்டுபவரின் கால், மல்யுத்தக்காரரின் இடுப்பு மூன்றும் ஒரே உடம்பில் வேண்டும். இவ்வளவையும் கேட்கிற ஆட்டத்தை முழுநேரத் தொழிலாக ஆட உலகத்தில் ஒரே ஒரு நாடுதான் இருக்கிறது. அந்த நாட்டிலும் ஒரே ஒரு லீக், ஏ.எஃப்.எல். அதில் இன்று 18 கிளப்புகள். டாஸ்மேனியா 2028-இல் சேர இருக்கிறது. ஒரு கிளப்பின் பட்டியலில் அதிகம் போனால் 44 பேர். ஆக நாடு முழுக்க ஏறக்குறைய 800 இடங்கள். இங்கிலாந்தில் இடம் கிடைக்காத கால்பந்து வீரர் துருக்கிக்குப் போகலாம், இந்தியாவுக்கு வரலாம். ஐ.பி.எல்.-இல் விலைபோகாத கிரிக்கெட் வீரருக்கு வேறு பத்து லீக்குகள் உண்டு. ஃபுட்டி வீரருக்கு அந்த வழி இல்லை. அவருடைய தொழில் வாழ்க்கையின் சம்பளம், காயம், இடமாற்றம், ஓய்வு எல்லாவற்றையும் இந்த ஓர் உண்மையை வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

பட்டியலில் ஏறும் முக்கியமான வாசல் நவம்பரில் நடக்கும் தேசிய டிராஃப்ட், அதாவது கிளப்புகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு. 1986-இல் தொடங்கிய முறை இது. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. ஆண்டுக்கு அறுபது எழுபது பேர் இதில் உள்ளே வருவார்கள். டிராஃப்ட் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 18 வயது நிறைய வேண்டும் என்பது விதி. அதனால் ஜனவரியில் பிறந்தவன் கிட்டத்தட்ட 19 வயதோடு நிற்பான். டிசம்பரில் பிறந்தவன் அப்போதுதான் 18-ஐத் தொடுவான். அந்த வயதில் பதினொரு மாத வித்தியாசம் தோளிலும் தொடையிலும் அப்பட்டமாகத் தெரியும். நல்ல தேர்வாளர்கள் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்தைப் பார்ப்பார்கள்.

அதுவரையிலான பாதை இப்படி: ஐந்தாறு வயதில் ஆஸ்கிக் என்ற சிறுவர் பயிற்சி, பிறகு ஊர்க் கிளப், பதினாறு வயதுவாக்கில் வட்டார அணி. விக்டோரியாவில் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான டேலன்ட் லீக்கில் மாநிலத்தின் வட்டார அணிகள் பன்னிரண்டு ஆடுகின்றன. பெண்டிகோ, கிப்ஸ்லாண்டு போன்ற நாட்டுப்புற வட்டாரங்களிலிருந்து வரும் பையன்கள் பயிற்சிக்காக வாரத்தில் இரண்டு மூன்று மாலை நெடுந்தூரம் காரில் போய்வர வேண்டியிருக்கும், ஓட்டுவது பெற்றோர்தான். தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் அந்தந்த மாநில லீக் கிளப்புகளின் இளையோர் அணிகள் இந்த வேலையைச் செய்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் டிராஃப்ட்டும் ஒரே பருவத்தில் வரும். தேர்வெழுதி முடித்த சில வாரங்களில் பையன் வேறொரு மாநிலத்தில் தொழில்முறை வீரனாக இருப்பான்.

அக்டோபர் வாக்கில் உடல்திறன் சோதனைகள் நடக்கும். 20 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து எம்புதல், ஓடிவந்து ஒற்றைக் காலில் எம்புதல், கம்பங்களைச் சுற்றி வளைந்தோடுதல், 2 கிலோமீட்டர் ஓட்டம். 20 மீட்டரை 2.9 வினாடியில் ஓடினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். 2 கிலோமீட்டரை ஆறு நிமிடத்துக்கு அருகில் முடிப்பவனுக்கு நடுக்களத்தில் ஓடும் நுரையீரல் இருக்கிறது என்று பொருள். ஆனால் இந்த எண்களைப் பெரிதாக நம்பிவிடக் கூடாது என்பது என் கருத்து. இவை ஒருவனைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கும், அவ்வளவே. பந்து தன் கையை விட்டுப் போன பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதை எந்தச் சோதனையும் அளப்பதில்லை. உதைத்துவிட்டு நிற்கிறானா, அடுத்த இடத்துக்கு ஓடுகிறானா என்பதற்குள் பாதித் தேர்வு முடிந்துவிடும். மீதிப் பாதி மருத்துவக் கோப்பும் நேர்காணலும்.

டிராஃப்ட் எவ்வளவு தவறும் என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். 1990-இல் எசன்டன் 79-ஆவது தேர்வாக எடுத்த ஜேம்ஸ் ஹேர்ட் 1996-இல் பிரவுன்லோ பதக்கம் வென்றார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு நடுவர்கள் வாக்களித்துத் தரும் பதக்கம் அது. 2001-இல் காலிங்வுட் 58-ஆவதாக எடுத்த டேன் ஸ்வான் 2011-இல் அதே பதக்கத்தை வென்றார். பதினெட்டு வயதில் உடம்பு முடிவாகியிருக்காது. அதிலும் இரண்டு மீட்டர் உயரப் பையன்கள் தங்கள் கைகால்களை ஒழுங்காக ஆளவே 22, 23 வயதாகிவிடும். தேர்வாளர்கள் பார்ப்பது இருக்கிற வீரனை அல்ல, வரப்போகிற வீரனை.

தந்தை-மகன் விதியும் உண்டு. தந்தை ஒரு கிளப்புக்கு 100 ஆட்டங்களாவது ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை. டிராஃப்ட் வரிசையின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு; வேறொரு கிளப் கேட்கும் இடத்துக்கு ஈடான புள்ளிகளை மட்டும் கொடுக்க வேண்டும். காலிங்வுட்டுக்கு 250 ஆட்டங்கள் ஆடிய பீட்டர் டைகோஸின் மகன் நிக் டைகோஸ் 2021-இல் அப்படித்தான் நான்காவது தேர்வாக அதே கிளப்புக்கு வந்தார். ஜீலாங் 2001-இல் கேரி ஆப்லெட்டின் மகனை 40-ஆவது தேர்வில் எடுத்தது. அந்த இளைய ஆப்லெட் பிறகு இரண்டு பிரவுன்லோ பதக்கங்களும் இரண்டு கோப்பைகளும் வென்றார். டிராஃப்ட் என்பதே அணிகளைச் சமப்படுத்தும் ஏற்பாடு, இந்த விதி அதில் ஓட்டை போடுகிறது என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தலைமுறையாக ஒரே நிறச் சட்டையைப் பார்க்கும் ஆசை ரசிகர்களுக்கு அதைவிடப் பெரியதாக இருக்கிறது.

வேலையின் அடிப்படைக் கருவிக்கு வருவோம். பந்து நீள்வட்டமானது, தோலாலானது. நீளவாக்கில் சுற்றளவு 720 முதல் 730 மில்லிமீட்டர், குறுக்குவாக்கில் 545 முதல் 555. பகலில் சிவப்பு, விளக்கொளியில் மஞ்சள். கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்குள் ஒருமுறை தரையில் தட்டியோ தொட்டோ எடுக்க வேண்டும். எறியக் கூடாது. ஒரு கையில் பந்தைத் தாங்கி மறுகையின் முட்டியால் குத்தித்தான் தோழனுக்கு அனுப்ப வேண்டும். குறைந்தது 15 மீட்டர் பறந்து வரும் உதையைத் தரையில் விழுவதற்கு முன் பிடித்தால் அது மார்க். பிடித்தவர் நின்று நிதானமாக உதைக்கலாம். நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி, அவற்றின் இருபுறமும் உள்ள குட்டைக் கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. இரண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே 6.4 மீட்டர்.

தொழில் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் திறமை உதைதான், குறிப்பாக டிராப் பண்ட். பந்தைச் செங்குத்தாக, கையில் தையல் வெளிப்பக்கம் பார்க்க, விரல்களை விரித்து இருபுறமும் பிடிக்க வேண்டும். வலது காலால் உதைப்பவர் இடது கையை முதலில் எடுத்துவிட்டு, வலது கையால் பந்தை வலது தொடைக்கு நேரே கீழே வழிகாட்டி விடுவார். பந்து விழும் தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இடுப்புயரத்துக்கு மேலிருந்து விட்டால் காற்று அதைச் சாய்த்துவிடும். கால்விரல்கள் கீழ்நோக்கி நீண்டு, கணுக்கால் இறுகி, காலின் மேற்புற எலும்புப் பகுதி பந்தின் கீழ்முனையில் பட வேண்டும். சரியாகப் பட்டால் பந்து முன்பின்னாகப் பின்சுழற்சியில் உருண்டபடி நேராகப் போகும். தவறு எங்கே நடந்தாலும் அது பெரும்பாலும் காலில் இருக்காது. பந்தைக் கைவிடும் கணத்தில் இருக்கும். உடம்புக்குக் குறுக்கே பந்தை விட்டால் உதை ஒரு பக்கமாக வளையும். பின்னால் சாய்ந்து உதைத்தால் பந்து உயரே மிதந்து எதிரணிக்கு நேரம் கொடுக்கும். களைத்த காலோடு நான்காம் கால்பகுதியில் வருகிற பிழை பெரும்பாலும் இதுதான். மார்க் பிடித்துக் கோலுக்கு உதைப்பவருக்கு 30 வினாடி தருவார்கள். அதற்குள் ஒரே எண்ணிக்கையிலான அடிகள், ஒரே வேகம், ஒரே மூச்சு என்று பழகியவர்களே நிலைக்கிறார்கள். இரண்டு காலாலும் உதைக்க வராத நடுக்கள வீரரை எதிரணி ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, அவருடைய நல்ல காலின் பக்கமாகவே நின்று மறிக்கும்.

இந்தப் பழக்கம் குழந்தையில் வராவிட்டால் எவ்வளவு கடினம் என்பதை வெளியிலிருந்து வந்தவர்களிடம் பார்க்கலாம். அயர்லாந்தின் கேலிக் கால்பந்திலிருந்து 1984-இல் மெல்பர்ன் கிளப்புக்கு வந்தவர் ஜிம் ஸ்டைன்ஸ். 1987-இல் இறுதிக்கு முந்தைய ஆட்டத்தின் கடைசிக் கணத்தில், மார்க் பிடித்து நின்ற ஹாதோர்ன் வீரருக்கும் அவரை மறித்து நின்றவருக்கும் நடுவே ஓடிவிட்டார். தண்டனையாக 15 மீட்டர் முன்னேறக் கிடைத்தது. சைரன் ஒலித்த பிறகு கேரி பக்கனாரா அங்கிருந்து கோல் உதைத்தார். மெல்பர்ன் 2 புள்ளியில் தோற்றது. பிறந்ததிலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்த்தவன் கனவில்கூட ஓடாத கோடு அது. அதே ஸ்டைன்ஸ் 1991-இல் பிரவுன்லோ வென்றார், தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடினார். அந்தத் தொடர்ச்சியை 2025-இல்தான் காலிங்வுட்டின் ஜாக் கிரிஸ்ப் தாண்டினார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்திலிருந்து 23 வயதில் வந்த 211 சென்டிமீட்டர் உயர மேசன் காக்ஸ் 2016-இல் காலிங்வுட்டுக்கு முதல் ஆட்டம் ஆடி, 2023-இல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். இப்படி வருபவர்களுக்கென்று கிளப்புகளின் பட்டியலில் தனிப் பிரிவே உண்டு, அதிகபட்சம் இரண்டு இடங்கள். உயரத்தையும் ஓட்டத்தையும் இறக்குமதி செய்யலாம். உதையைப் பழக்க ஆண்டுகள் ஆகும்.

டிராஃப்ட்டில் வந்தவனுக்குக் குறைந்தது இரண்டாண்டு ஒப்பந்தம். ஆரம்பச் சம்பளம் லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டது, பேரம் கிடையாது. மூத்தோர் அணியில், அதாவது கிளப்பின் முதல் அணியில், ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தொகை சேரும். ஆனால் முதல் ஆண்டில் பெரும்பாலானோர் மூத்தோர் அணிக்கு வருவதில்லை. 23 பேர் ஆடும் வாரத்தில் 44 பேர் பட்டியலில் இருந்தால் மற்றவர்கள் மாநில லீக்கில் கிளப்பின் இரண்டாம் அணிக்கு ஆடுவார்கள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து கிளப்புகளுக்கு அது விக்டோரிய லீக்கான வி.எஃப்.எல். அடிலெய்டின் இரண்டு கிளப்புகளும் தெற்கு ஆஸ்திரேலிய மாநில லீக்கில் ஆடும்.

இந்த இரண்டாண்டுகளில் செய்ய வேண்டிய வேலை பார்ப்பதற்குச் சலிப்பூட்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு கிலோ தசை சேர்க்க வேண்டும், ஆனால் 2 கிலோமீட்டர் நேரம் கெடக் கூடாது. அவசரப்பட்டு எட்டுக் கிலோ ஏற்றியவர்கள் ஓட முடியாமல் போவதும், கால் எலும்பில் கீறல் விழுந்து ஒரு பருவத்தையே இழப்பதும் நடக்கும். கோடைப் பயிற்சி நவம்பரில் இளையவர்களுக்கு முதலில் தொடங்கும், மூத்தவர்கள் பிறகு சேர்வார்கள். புதியவர்களுக்கு அந்த ஓட்டச் சுமை பழக்கமில்லாததால் கிளப்புகள் அவர்களை முதல் வாரங்களில் பாதி வேலையோடு நிறுத்திவிடும். நிறுத்தாத கிளப்புக்கு ஜனவரியில் காயப்பட்டியல் நீளும்.

இன்னொரு சிக்கல் ஊர் நினைப்பு. டிராஃப்ட்டில் பையனுக்குத் தேர்வுரிமை இல்லை. பெர்த்தில் வளர்ந்தவனை பிரிஸ்பேன் எடுத்தால் போக வேண்டியதுதான். பதினெட்டு வயதில் விருந்தோம்பும் குடும்பத்தோடு தங்கி, சமைக்கவும் துவைக்கவும் கற்றுக்கொண்டு, தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்களோடு இடத்துக்குப் போட்டியிட வேண்டும். 2021-இன் முதல் தேர்வான ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் தெற்கு ஆஸ்திரேலியப் பையன். நார்த் மெல்பர்னில் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு 2022 அக்டோபரில் போர்ட் அடிலெய்டுக்குத் திரும்பிவிட்டார். ரசிகர்கள் கோபப்பட்டார்கள். ஒரு பதினெட்டு வயதுப் பையனிடம் முதலாளிமார் கூட்டமைப்பு ஊரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் தொழில் வேறு எது என்று கேட்டால் அந்தக் கோபம் எனக்கு நியாயமாகப் படவில்லை.

தாக்குப்பிடித்து மூத்தோர் அணியில் நிலைத்தவரின் வாரம் காயத்தைச் சுற்றியே ஓடும். சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஞாயிறு நீச்சல்குளம், குளிர்நீர்த் தொட்டி, மூட்டு அசைவுகள். திங்கள் காணொளி ஆய்வும் லேசான எடைப்பயிற்சியும். வார நடுவில் ஒரே ஒரு முழு வேகப் பயிற்சி. பிறகு ஒருநாள் முழு ஓய்வு, பலர் படிப்புக்கு அந்த நாளைத்தான் ஒதுக்குகிறார்கள். ஆட்டத்துக்கு முதல்நாள் அரைமணி நேர லேசான ஓட்டம். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே சட்டைக்குள் ஒரு ஜி.பி.எஸ். கருவி எப்போதும் இருக்கும். மொத்தத் தூரம், அதிவேகத்தில் ஓடிய தூரம், திடீர் நிறுத்தங்கள் எல்லாம் அன்றே கணினியில் ஏறிவிடும்.

இந்த எண்களின் முக்கியப் பயன் தொடைப் பின்தசையைக் காப்பாற்றுவது. இந்த ஆட்டத்தில் மிக அதிகமாகக் கிழிவது அதுதான். முழு வேகத்தில் கால் முன்னே வீசப்பட்டுத் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அந்தத் தசை நீண்டபடியே இழுவிசையைத் தாங்குகிறது. ஃபுட்டியில் அதே வேகத்தில் குனிந்து தரையிலுள்ள பந்தை அள்ளவும் வேண்டும். அப்போது தசை இரு முனையிலும் இழுபடுகிறது. வாராந்தர வேகச் சுமை திடீரென்று கூடினால் கிழியும். பயந்துகொண்டு வேகமாக ஓடாமலே விட்டாலும் ஆட்டத்தன்று கிழியும். எனவே வாரத்தில் ஒருமுறையாவது தன் உச்ச வேகத்தின் 90 சதவீதத்துக்கு மேல் ஓடவைப்பார்கள். முழங்காலிட்டு, கணுக்காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னே சாய்த்து இறக்கும் பயிற்சி எல்லாக் கிளப்புகளிலும் உண்டு.

அடுத்தது இடுப்புக்கும் தொடைக்கும் இடைப்பட்ட கவட்டைப் பகுதி. நாளுக்கு நூறு முறைக்குமேல் உதைப்பவரின் இடுப்பெலும்பு இணைப்பில் அழற்சி வந்தால் ஒரு பருவமே போய்விடும். அதைக் கண்காணிக்க எளிய வழி உண்டு. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் காற்றுப்பையை முழங்கால்களுக்கு நடுவே வைத்து முழுப் பலத்தோடு அழுத்தச் சொல்வார்கள். அவருடைய வழக்கமான அளவைவிட அன்றைய எண் கணிசமாகக் குறைந்தால் அன்று உதைக்கும் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள். வலி வருவதற்குப் பல நாட்கள் முன்பே எண் விழுந்துவிடும்.

எதிரியின் முழங்கால் தொடையின் முன்தசையில் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டும். வாராவாரம் நடக்கும் காயம் இது. முழங்காலை முடிந்தவரை மடக்கி, அந்த நிலையிலேயே கட்டி, பனிக்கட்டி வைக்க வேண்டும். தசை நீண்ட நிலையில் இருந்தால் ரத்தக்கசிவு குறையும், அசைவும் சீக்கிரம் திரும்பும். முதல் இரண்டு நாள் பிசைந்துவிடவே கூடாது, வெந்நீர் கூடாது, மது கூடாது. பிசைந்துவிட்டால் சில நேரம் கட்டிய ரத்தத்தில் சுண்ணாம்பு படிந்து தசைக்குள்ளே எலும்பு வளரும். ஒரு வாரத்தில் ஆறவேண்டியது மாதக்கணக்கில் இழுக்கும்.

முழங்கால் முன்சிலுவைத் தசைநார் அறுந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். சிட்னியின் அலெக்ஸ் ஜான்சன் 2012-இல் கோப்பை வென்ற அணியில் ஆடினார். அடுத்த ஆட்டம் ஆட அவருக்கு 2018 ஆகஸ்ட் வரை ஆனது. இடையில் ஐந்து முழங்கால் மறுசீரமைப்பு அறுவைச் சிகிச்சைகள். திரும்பி வந்த இரண்டாவது ஆட்டத்திலேயே மற்ற முழங்கால் போனது. சில காயங்களை விதியே மாற்றிக் குறைத்திருக்கிறது. நடுவட்டத்தில் நடுவர் பந்தைத் துள்ளவிடும்போது அதற்காக எம்பும் இரண்டு உயரமான ஆட்டக்காரர்கள், அதாவது ரக் வீரர்கள், தூரத்திலிருந்து ஓடிவந்து முழங்காலோடு முழங்கால் மோதியதில் பின்சிலுவைத் தசைநார்கள் தொடர்ந்து அறுந்தன. 2005-இல் 10 மீட்டர் வட்டம் ஒன்றை வரைந்து, அதற்குள்ளிருந்துதான் ஓடத் தொடங்க வேண்டும் என்றார்கள். வேகம் குறைந்தது, காயமும் குறைந்தது.

தலைக்கு அப்படியொரு வட்டத்தை வரைய முடியவில்லை. ஹாதோர்னுக்கு 426 ஆட்டங்கள் ஆடிய மைக்கேல் டக்கின் மகன் ஷேன் டக் ரிச்மண்டுக்கு 173 ஆட்டங்கள் ஆடினார். 2020-இல் 38 வயதில் இறந்தார். மீண்டும் மீண்டும் தலையில் படும் அடியால் வரும் மூளைச்சிதைவு நோய் கடுமையான நிலையில் அவர் மூளையில் இருந்தது பிறகு தெரிந்தது. 2021 முதல் மூளையதிர்வு ஏற்பட்டவர் குறைந்தது 12 நாட்கள் ஆடக் கூடாது. மெல்பர்னின் ஆங்கஸ் பிரேஷா 2023 செப்டம்பரில் நடந்த இறுதிச்சுற்று ஆட்டமொன்றில் அடிபட்டு மயங்கினார். 2024 பிப்ரவரியில், 28 வயதில், மருத்துவர்கள் சொல்லி ஆட்டத்தை விட்டார். காலிங்வுட்டின் நேதன் மர்ஃபி அதே ஆண்டில் 24 வயதில் விட்டார். இப்படிப்பட்டவர்களை முன்பு கோழை என்று பேசிய ஒரு காலம் இருந்தது. இப்போது அவர்களைக் கைதட்டி அனுப்புகிறார்கள். இருந்தாலும், ஒவ்வொரு வாரமும் தனக்குப் பின்னால் இருபது பேர் இடத்துக்குக் காத்திருக்கும்போது, தலை கிறுகிறுக்கிறது என்று மருத்துவரிடம் தானாகப் போய்ச் சொல்வது ஓர் இளம் வீரருக்கு இன்னும் எளிதல்ல. மைதானத்துக்கு வெளியே காணொளியில் மோதலைப் பார்த்து மருத்துவர்களே அழைக்கும் ஏற்பாடு அதனால்தான் மிக முக்கியம்.

பணத்துக்கு வருவோம். 2023-இல் கையெழுத்தான ஐந்தாண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி ஆண்கள் லீக்கின் சராசரிச் சம்பளம் 2027-இல் ஆண்டுக்கு 5,19,000 ஆஸ்திரேலிய டாலரைத் தொடும். பெண்கள் லீக் 2017-இல்தான் தொடங்கியது. அங்கே 2027 சராசரி 82,000 டாலர். பலர் இன்னும் வேறு வேலையும் பார்த்துக்கொண்டே ஆடுகிறார்கள். ஆண்களின் சராசரியை வைத்து ஏமாறக் கூடாது. சில பெரிய ஒப்பந்தங்கள் அதை மேலே இழுக்கின்றன. லான்ஸ் ஃபிராங்க்ளின் 2013-இல் சிட்னியோடு போட்டது ஒன்பது ஆண்டு, ஒரு கோடி டாலர். அப்போது பலர் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அவர் ஒப்பந்தம் முழுவதையும் ஆடி, 2022 மார்ச்சில் தன் 1000-ஆவது கோலையும் அங்கேயே உதைத்தார்.

ஒவ்வொரு கிளப்பும் வீரர்களுக்குச் செலவழிக்க உச்சவரம்பு உண்டு. அதில் 95 சதவீதமாவது செலவழித்தே ஆக வேண்டும் என்ற கீழ்வரம்பும் உண்டு. இதனால் நட்சத்திரங்கள் இல்லாத பலவீனமான அணி நடுத்தர வீரர்களுக்கு நல்ல விலை கொடுக்கும். ஒரு முகவர் தன் ஆளின் ஒப்பந்தம் முடியும் ஆண்டை எந்தக் கிளப்பில் பணம் மீதமிருக்கும் என்பதோடு பொருத்திப் பார்ப்பது இதனால்தான். எட்டாண்டு ஒரே கிளப்பில் இருந்தால், ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய கிளப்புக்குப் போகும் சுதந்திர வீரராகலாம். 2012-இல் வந்த முறை இது. கிளப்பின் அதிகச் சம்பளக்காரர்களில் முதல் கால்பகுதிக்குள் இருப்பவரை, பிறர் தரும் தொகையைத் தானும் தந்து பழைய கிளப் தக்கவைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு முழுச் சுதந்திரம். ஆனால் கூட்டிப் பாருங்கள். சராசரி ஃபுட்டி வாழ்க்கை ஆறு ஆண்டு என்று அங்கே சொல்வார்கள். பெரும்பாலோர் அந்த எட்டாம் ஆண்டைப் பார்ப்பதே இல்லை. பெரும்பான்மையினருக்கு எட்டாத உரிமையை அவர்களுடைய பெரிய பாதுகாப்பாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது: வீரரின் சம்மதமில்லாமல் அவரை வேறு கிளப்புக்கு மாற்ற முடியாது.

ஆண்டுக்கு அறுபது எழுபது பேர் டிராஃப்ட்டில் உள்ளே வந்தால் அத்தனை பேராவது வெளியே போக வேண்டும். 432 ஆட்டங்கள் ஆடி 2016-இல் விடைபெற்ற பிரென்ட் ஹார்வி மாதிரி வழியனுப்பு விழா கிடைப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குப் பருவம் முடிந்த வாரத்தில் ஒரு அறைக்குள் பத்து நிமிடப் பேச்சு. அதன்பின் என்ன செய்யலாம் என்ற வரிசை ஒவ்வொரு வீரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவரை வேறு கிளப் டிராஃப்ட்டுக்கு முன்பே நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். அது நடக்காவிட்டால் தேசிய டிராஃப்ட், பிறகு பட்டியலின் துணை இடங்களுக்கான ரூக்கி டிராஃப்ட். அதுவும் இல்லையென்றால் கோடையில் ஏதாவது கிளப்போடு சோதனை முறையில் பயிற்சி செய்து, பட்டியலில் இடம் காலியிருந்தால் ஏறலாம். கடைசியாக, 2019-இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட பருவநடு டிராஃப்ட்.

அந்தக் கடைசி வாசல் வழியாக அதே ஆண்டில் வந்தவர் மார்லியன் பிக்கெட். மேற்கு ஆஸ்திரேலிய மாநில லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். இளமையில் சிறையிலும் இருந்தவர். 27 வயதில் ரிச்மண்ட் அவரை எடுத்தது. அவருடைய முதல் மூத்தோர் ஆட்டமே 2019 இறுதிப்போட்டி. 1952-க்குப் பிறகு இறுதிப்போட்டியில் அறிமுகமான முதல் ஆள். ஒரு கோலும் உதைத்தார், அணி 89 புள்ளியில் வென்றது. ஆண்டுக்கணக்கில் மாநில லீக்குகளைப் போய்ப் பார்க்கும் தேர்வாளர்கள் இருப்பதால்தான் இது நடந்தது. 18 வயதில் தவறவிட்டவனை 27-இல் தேடி எடுக்கிற கிளப்புகள் இன்னும் அதிகமாக வேண்டும்.

வெளிநாட்டு வழி என்று ஒன்றே ஒன்று திறந்திருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை நெடுந்தூரம் உதைத்து எதிரணியிடம் கொடுக்கும் பன்டர் வேலை. மெல்பர்னுக்கு ஆடிய டேரன் பென்னட் 1995-இல் சான் டியேகோ அணிக்கு ஆடத் தொடங்கி, டிராப் பண்ட் உதையை அங்கே ஓர் ஆயுதமாக்கினார். பின்சுழற்சியில் விழுவதால் பந்து கோட்டைத் தாண்டி உருளாமல் நின்றுவிடும் என்பதே அதன் பயன். ஜீலாங்கின் அணித்தலைவராக இருந்த பென் கிரஹாம் பின்னர் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் ஆடிய முதல் ஆஸ்திரேலியரானார். இப்போது அமெரிக்கக் கல்லூரி அணிகள் பலவற்றில் ஆஸ்திரேலிய உதைகாரர்கள் இருக்கிறார்கள், உதவித்தொகையோடு பட்டமும் கிடைக்கிறது. ஆனால் ஓர் அணிக்கு ஒரு பன்டர்தான். ஓட்டமும் மார்க்கும் மோதலும் அங்கே எதற்கும் உதவாது.

எனவே பெரும்பாலோர் மாநில லீக்குக்கோ நாட்டுப்புற லீக்குக்கோ திரும்புகிறார்கள். அங்கே ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி, கூடவே கிளப்பின் ஆதரவாளர் ஒருவர் நிறுவனத்தில் வேலை. விக்டோரியாவின் உள்ளூர்க் கிளப்புகளில் வீரர்களுக்குத் தகுதிப்படி புள்ளி கொடுத்து அணியின் மொத்தப் புள்ளிக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். முன்னாள் ஏ.எஃப்.எல். வீரருக்குப் புள்ளி அதிகம், ஆகவே ஒரு கிளப்பால் இரண்டு மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஒப்பந்தம் பேசப் போகிறவர் கூலிக்கு முன்பே தன் புள்ளி எவ்வளவு, அந்தக் கிளப்பில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. சொந்த ஊரில் சிறுவனாக ஆடிய கிளப்புக்கே திரும்பினால் புள்ளி குறையும். வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்கிறவர்கள் நிறைய.